தலையில் பிச்சி இருக்கும்போது எந்த சென்ட்?

பூவாசனையோடு பச்சை வாசனையும் கலந்த சென்ட் வாங்க நினைக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண்ணுக்கு, பாரிஸ்காரிக்கு இல்லாத ஒரு யோசனை தேவைப்படுகிறது. பாரிஸ்காரியிடம் இருக்கும் ஒரே பூ அந்த பாட்டிலுக்குள் இருப்பதுதான். இங்கே தலையில் நிஜப் பூ இருக்கிறது. தோவாளைப் பூச்சந்தையில் விடியும் முன்பே கைமாறிய பிச்சிப்பூவோ மல்லியோ காலை எட்டு மணிக்குள் கட்டி முடிந்து கூந்தலுக்கு வந்துவிடுகிறது. அதோடு சேர்ந்து மணக்கப்போகும் இன்னொரு வாசனையைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். இதை விட்டுவிட்டு, "எது நல்ல சென்ட்?" என்று மட்டும் கேட்டால் வரும் பதில் நமக்குப் பாதிதான் உதவும்.

என் அக்கா மகளுக்காகத்தான் இப்போது இதை உட்கார்ந்து யோசித்தேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்கிறாள். நாகர்கோவிலில் இருந்து தினமும் பஸ். தலையில் பூ இல்லாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டாள். "சித்தி, இனிப்பா இருக்கக் கூடாது. இப்பதான் குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கணும். பிள்ளைங்க மூக்கைப் பொத்தக் கூடாது. ஒரே ஒரு பாட்டில்தான் வாங்குவேன்" என்றாள். அவளுக்கே தெரியாமல், பெர்பியூம் உலகத்தில் பச்சை மலர் வகை என்று சொல்லப்படுவதன் குணத்தை அப்படியே சொல்லிவிட்டாள்.

அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தேர்வு எளிதாகும். புல்லை வெட்டும்போதும் இலையைக் கசக்கும்போதும் குப்பென்று ஒரு வாசனை எழுகிறதே, அது காயம்பட்ட இலை உடனே வெளிவிடும் சில சிறிய மூலக்கூறுகளால் வருவது. அவற்றில் முக்கியமானது சிஸ்-3-ஹெக்சினால். பெர்பியூம் செய்பவர்கள் இதைத் தொழிற்சாலையில் தயாரித்தே பயன்படுத்துகிறார்கள். ஆனால் இது மிகவும் இலேசான பொருள், சீக்கிரம் ஆவியாகிப் பறந்துவிடும். பச்சை வாசனை முதலில் வந்து முதலில் போய்விடுவதற்கு இதுதான் காரணம். அது கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும் என்றால் கால்பனம் பிசின், வயலட் செடியின் இலை, ஓக் மரத்தில் படரும் பாசி, வெட்டிவேர் என்று கனமான பொருட்களைக் கூடச் சேர்க்க வேண்டும். ஒரு பூவின் இதழை மட்டும் காட்டினால் அது மலர் வகை. காம்பையும் இலையையும் மொட்டின் பச்சைத் தோலையும் சேர்த்துக் காட்டினால் பச்சை மலர் வகை. எந்தப் பச்சையை எவ்வளவு காட்டுகிறார்கள் என்பதில்தான் ஒரு பாட்டிலுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. மாவட்டம் சின்னதுதான், ஆனால் இரண்டு விதமான காற்று உண்டு. மேற்கே குலசேகரம், மார்த்தாண்டம், தக்கலை என்று ரப்பரும் வாழையுமாக இருக்கும் பக்கம் ஈரம் அதிகம், வேர்வை காயாது. அங்கே இனிப்பான வாசனை மதியத்துக்குள் கனத்துப் போய், பஸ் நெரிசலில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி கொடுக்கும். கிழக்கே ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்கும் இடம். தென்மேற்குப் பருவத்தில் அங்கே வீசும் காற்றில் எலுமிச்சை, தேயிலை மாதிரி இலேசான வாசனை எல்லாம் நாம் நாலு அடி நடப்பதற்குள் போயே போய்விடும். ஒரே பாட்டில் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

சரி, பாட்டில்களுக்கு வருவோம்.

முதலில் கசப்புப் பச்சை. இந்த வகைக்குத் தாய் என்று பால்மேன் நிறுவனத்தின் 'வான் வேர்' (பிரெஞ்சில் 'பச்சைக் காற்று') சென்ட்டைச் சொல்வார்கள். ஜெர்மேன் செலியே என்ற பெண் 1947-இல் செய்தது. பெர்பியூம் உலகத்தில் ஆண்களே கோலோச்சிய காலத்தில், கால்பனத்தை யாரும் துணியாத அளவுக்கு அள்ளிப் போட்டுச் செய்தார். கால்பனம் என்பது ஈரான் பக்கத்தில் வளரும் ஒரு ஃபெரூலா செடியின் பிசின். நம் சாம்பாரில் போடும் பெருங்காயமும் அதே ஃபெரூலா குடும்பத்துச் செடியில் இருந்துதான் வருகிறது. குணம் வேறு. கால்பனத்தை முகர்ந்தால் குடைமிளகாயை நறுக்கிய வாசனை, பட்டாணித் தோலை உரித்த வாசனை, அதற்குக் கீழே மண்ணும் பிசினுமாக ஒரு கசப்பு. குடைமிளகாய் நினைவுக்கு வருவது வெறும் பிரமை இல்லை. இரண்டிலும் பைரசீன் என்ற ஒரே வகைச் சேர்மம் இருக்கிறது.

அதே வழியில் 1970-களின் தொடக்கத்தில் வந்தது ஷனெல் நம்பர் 19. செய்தவர் ஆன்ரி ரொபேர். 19 என்பது ஷனெல் அம்மையாரின் பிறந்த தேதி, ஆகஸ்ட் 19. கால்பனத்தோடு ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கில் இருக்கும் பவுடர் மாதிரியான குளிர்ச்சியையும் சேர்த்தார்கள். இதைப் போட்டவர் அருகில் வந்தால், கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிய வெள்ளை காட்டன் புடவையின் ஞாபகம் எனக்கு வரும். நிமிர்ந்த வாசனை. யாருக்கும் வளைந்து கொடுக்காது. நம் மூக்குக்கு முதல் நிமிடம் இது அந்நியமாகத்தான் இருக்கும்; "என்ன, பச்சிலை மருந்து மாதிரி இருக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். அரை மணி நேரம் பொறுத்தால் கசப்பு அடங்கி, ஐரிஸ் மேலே வரும். காற்றிலும் தாங்கும். விலைதான் இடிக்கிறது. வாங்குவதற்கு முன் தோலில் போட்டுப் பார்க்கவும் வேண்டும் என்றால் திருவனந்தபுரத்து மால்கள் வரை போவது நல்லது.

பிச்சியோடு இது எப்படி? என் கணிப்பில் நன்றாகவே ஒத்துப்போகும். பிச்சிப்பூவுக்குள்ளே இனிப்பு நிறைய இருக்கிறது, கூடவே இண்டோல் என்ற சேர்மத்தால் வரும் ஒரு கனமும். நேரம் ஆக ஆக, பூ வாட வாட, அந்தக் கனம் தூக்கலாகத் தெரியும். கால்பனத்தின் கசப்பு அந்த இனிப்பை வெட்டிக் கொடுக்கும்.

இரண்டாவது வகை, பள்ளத்தாக்கு லில்லி என்று ஐரோப்பியர்கள் கொண்டாடும் சின்ன வெள்ளை மணிப் பூவின் வாசனை. இந்தப் பூ நம் ஊரில் கிடையாது. குளிர்நாட்டுச் செடி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூவில் இருந்து வழக்கமான முறைகளில் வணிகத்துக்கு உதவும்படி ஒரு சொட்டு எண்ணெய்கூட எடுக்க முடியாது. உலகத்தில் இருக்கும் கிட்டத்தட்ட அத்தனை லில்லி சென்ட்டும் ஹைட்ராக்சிசிட்ரோனெலால் போன்ற வேதிப்பொருட்களால் கட்டி எழுப்பியவைதான். அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் எட்மோன் ருட்னிட்ஸ்கா. தன் வீட்டுத் தோட்டத்தில் அந்தப் பூவை வளர்த்து, தினமும் முகர்ந்து பார்த்து, டியோர் நிறுவனத்துக்காக 1956-இல் டியோரிசிமோவை முடித்தார். பனி விழுந்த காலையில் இலையோடு சேர்த்துப் பறித்த பூவின் வாசனை அதில் இருந்தது.

"இப்பதான் குளிச்சிட்டு வந்த மாதிரி" என்ற என் அக்கா மகளின் சொல்லுக்கு இந்த வகைதான் ரொம்பப் பக்கத்தில் வரும். சோப்பு, ஷாம்பு, துணிக் கஞ்சி என்று எதை எடுத்தாலும் இந்த லில்லி வாசனையைத்தான் காலம்காலமாகச் சேர்த்து வந்திருக்கிறார்கள். அதனால் நம் மூக்கு இதைச் சுத்தம் என்றே படித்து வைத்திருக்கிறது. ஆனால் இரண்டு சிக்கல். இந்த வகையில் பெரும்பங்கு வகித்த லிலியால் என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. அதைச் சேர்த்திருந்த சென்ட்டுகளின் கலவையை அதன் பிறகு மாற்ற வேண்டியதாயிற்று. பத்து வருஷம் முன்பு அத்தை போட்ட அதே பெயர் பாட்டிலை இன்று வாங்கினால் அதே வாசனை வரும் என்று நம்ப முடியாது. இரண்டாவது, டியோரிசிமோ மாதிரியான சென்ட்டுகளில் லில்லிக்குள்ளேயே மல்லிகையும் ஒளிந்திருக்கிறது. தலையில் பிச்சியும் வைத்தால் மல்லிகை இரண்டு பங்காகிவிடும். பூ வைக்காதவர்களுக்கு இந்த வகை அருமையானது. தினமும் பூ வைப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, தேயிலையும் மாங்காயும். இது புதிய வகை. கறாராகப் பார்த்தால் பாதி சென்ட்டுகளை மலர் வகையில் சேர்க்கவே முடியாது. பல்காரி நிறுவனத்துக்காக ஜான் கிளோத் எலெனா 1992-இல் கிரீன் டீ வாசனையை வைத்து ஒன்று செய்தார். அதற்குப் பிறகு தேயிலை ஒரு பெரிய கிளையாக வளர்ந்தது. பிரான்சிஸ் குர்க்ஜான் 1999-இல் எலிசபெத் ஆர்டனுக்குச் செய்த கிரீன் டீ அந்தக் கிளையில் சாமானியர் கைக்கு எட்டும் பாட்டில். எலுமிச்சை இனங்கள், புதினா, பெருஞ்சீரகம், கீழே கொஞ்சம் பாசி. பூ இருக்கிறது, ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் நிறைய. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நிற்கப்போகும் டீச்சருக்கு அது குறையே இல்லை. இளைப்பு இருக்கும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். காலை மணி அடிக்கும்போது அடங்கிவிடுகிற சென்ட்தான் அவளுக்குச் சரி.

எலெனாவே 2005-இல் ஹெர்மெஸ் நிறுவனத்துக்காக 'அன் ஜார்டின் சூர் லெ நீல்' என்று இன்னொன்று செய்தார். எகிப்தில் அஸ்வான் பக்கம் நைல் நதிக்கரையில் மரத்தில் தொங்கிய பச்சை மாங்காயை முகர்ந்ததில் பிறந்த வாசனை. கூடவே தாமரையும், பம்பளிமாசுக்குச் சொந்தக்காரனான கிரேப்ஃப்ரூட்டும். நான் இதை நம் மாவட்டத்துக்காரர்களிடம் கொடுத்து முகரச் சொன்னால், அவர்களுக்கு எகிப்து ஞாபகம் வருவதில்லை. மாங்காயைப் பறிக்கும்போது காம்பு ஒடிந்து பால் வடியுமே, அந்த வாசனைதான் வருகிறது. தோப்பு, குளம், குளத்தில் தாமரை. இதெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால், வெளிநாட்டு பாட்டில் என்ற கூச்சம் இல்லாமல் மூக்கு உடனே ஏற்றுக்கொள்கிறது. பச்சையும் உண்டு, நீரின் குளிர்ச்சியும் உண்டு, தாமரை என்கிற பேரில் மெல்லிய பூவும் உண்டு. மேற்குப் பக்கத்து ஈரக் காற்றில் இது மிக அழகாக விரியும். விலை கிரீன் டீயைவிடப் பல மடங்கு.

நான்காவது, அத்தர். தாழம்பூ, மல்லிகை, வெட்டிவேர் என்று எண்ணெய் வடிவில் சின்னக் குப்பிகளில் கிடைப்பது. முறைப்படி செய்வது உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் ஊரின் பாணி. செம்புப் பானையில் பூவையும் தண்ணீரையும் வைத்துக் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குவார்கள். இன்று சந்தனத்தின் விலைக்கு, மலிவான குப்பிகளில் சந்தன எண்ணெய் இருக்காது. பாரஃபின் மாதிரி ஏதாவதுதான் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாமல், கையில் தடவி ஒரு மணி நேரம் கழித்தும் மணம் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மல்லிகை அத்தரை இங்கே யாருக்கும் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வராது. தோவாளையில் நிஜப் பூ கிடைக்கும்போது அதன் நகல் எதற்கு? தாழம்பூ அத்தர் தனி உலகம், தித்திப்பும் தேனும். கொஞ்சம் தவறினாலும் ஆளை அமுக்கிவிடும். ஆனால் வெட்டிவேர் விஷயம் வேறு. வேரில் இருந்து வருவது என்றாலும் அதில் மண்ணும் பச்சையும் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. செம்புப் பானையில் வடித்த நல்ல வெட்டிவேர் எண்ணெய் பார்வைக்கே பச்சை நிறமாக இருக்கும். அது மணிக்கட்டில், பிச்சி தலையில் என்றால், பாரிஸ்காரர்கள் ஆய்வுக்கூடத்தில் கட்டியதை நீங்கள் உங்கள் உடம்பிலேயே கட்டிவிட்டீர்கள். காற்று வீசும் ஆரல்வாய்மொழிக்கும் எண்ணெய்தான் தோது. ஸ்ப்ரேயைவிட மெதுவாகத்தான் ஆவியாகும்.

நம் பூக்கட்டுக்காரர்களுக்கு இந்தச் சூத்திரம் எப்போதோ தெரியும். கதம்பம் கட்டும்போது பூவுக்கு இடையிடையே மரிக்கொழுந்தை வைத்துக் கட்டுகிறார்களே, அது அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. பூவின் இனிப்புக்கு நடுவில் ஒரு பச்சைக் கசப்பு வந்தால்தான் மூக்கு சலிக்காது. மரிக்கொழுந்தில் இருந்து எடுக்கும் எண்ணெயை வெளிநாட்டு பெர்பியூம் செய்பவர்களும் தவனம் என்ற பெயரில் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். அதனால் ஒரு பைசா கூடுதல் செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது: பூக்காரம்மாவிடம், "கொழுந்து வச்சுக் கட்டிக் குடுங்க" என்று கேட்பது. பச்சை மலர் வாசனையில் இதைத் தாண்டிய உயிரோட்டம் எந்த பாட்டிலிலும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கொழுந்து எல்லா நாளும் கிடைக்காது, கிடைத்தாலும் மத்தியானத்துக்குள் வாடிவிடும் என்பதால்தான் பாட்டிலைத் தேட வேண்டியிருக்கிறது.

பிச்சியா மல்லியா என்பதும் தேர்வை மாற்றும். இரண்டையும் மல்லிகை இனம் என்று சேர்த்துப் பேசினாலும் மணம் ஒன்றல்ல. மல்லியில் இயல்பாகவே கொஞ்சம் பச்சை உண்டு. தேயிலையோடு நன்றாகச் சேரும், சீனாக்காரர்கள் மல்லிகைத் தேநீருக்கு இந்த இனத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிச்சி அதைவிட ஆழமானது, பழ இனிப்பு கூடுதல். ஆகவே மல்லி வைப்பவர் தேயிலை வகையை எடுத்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று கரைந்து போகும். பிச்சி வைப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கசப்போ புளிப்போ வேண்டும். மாங்காயும் கால்பனமும் வெட்டிவேரும் அங்கேதான் கைகொடுக்கும்.

வளைகுடாவில் இருந்து அண்ணன்மார் கொண்டுவரும் ஊது (அகில் கட்டை வாசனை) வகை பாட்டில்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாசத்தோடு வருபவை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணத்துக்கு ராத்திரி ஏசி மண்டபத்தில் போடுங்கள். பகல் பஸ்ஸுக்கு அவை வேண்டாம்.

ஒரே பெயரில் ஓ டி டாய்லெட், ஓ டி பெர்பியூம் என்று இரண்டு பாட்டில் இருந்தால், "அதிக நேரம் நிற்கும்" என்று கடைக்காரர் இரண்டாவதைத்தான் கையில் கொடுப்பார். பச்சை வகைக்கு நான் முதலாவதையே எடுப்பேன். ஓ டி பெர்பியூமில் வாசனைப் பொருளின் பங்கு கூடுதல்தான், ஆனால் கூடுதலாகச் சேர்வது பெரும்பாலும் கடைசி வரை நிற்கும் கீழ்ப்பகுதியின் மஸ்க்கும் (கஸ்தூரி வாசனை) மரமும் பூவும். பச்சையின் பங்கு அதற்குள் அமுங்கிவிடும். நம்பர் 19-லேயே டாய்லெட் வடிவத்தில் கால்பனம் துலக்கமாகத் தெரியும். பெர்பியூம் வடிவத்தில் அந்தக் கூர்மை குறைந்துவிடும். நேரம் போதவில்லை என்றால் சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி ஹேண்ட்பேகில் வைத்துக்கொள்ளலாம்.

இனி முடிவுக்கு வருகிறேன். என் அக்கா மகளுக்கு, பிச்சி வைத்து மார்த்தாண்டம் பஸ் ஏறும் டீச்சருக்கு, மாங்காயும் தாமரையும் கலந்த நைல் பாட்டில்தான் என் முதல் தேர்வு. முதல் மாதச் சம்பளத்தில் அது பெரிய ஓட்டை போடும் என்றால், கிரீன் டீயை வாங்கிக்கொண்டு பூக்காரம்மாவிடம் கொழுந்து கேட்டு வைக்கட்டும். கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்துவிடலாம். "அப்ப பூ இருக்கிற சென்ட்டே வேண்டாமா சித்தி?" என்றாள். வேண்டாம் மக்களே. பூ உன் தலையில் இருக்கிறது. அதற்கு இல்லாத இலையைத்தான் நீ காசு கொடுத்து வாங்க வேண்டும்.

பூ வைக்காமல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு என் பதில் லில்லி வகை. கிழக்குப் பக்கம் காற்றில் திரிபவர்களுக்கும் ஆண்களுக்கும் நல்ல வெட்டிவேர். கசப்பை ரசிக்கத் தெரிந்து, காசும் இருப்பவர்கள் நம்பர் 19-ஐ ஒருமுறை தோலில் போட்டுப் பார்க்காமல் இருக்கக் கூடாது. எனக்கு என்று ஒன்றே ஒன்று எடுக்கச் சொன்னால் அதைத்தான் எடுப்பேன்.

வாங்கப் போகும் நாளில் தலையில் பூ வைத்துக்கொண்டு போங்கள். கடையில் காகிதத் துண்டில் முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். காகிதத்துக்கு வேர்வை கிடையாது. ஒரு மணிக்கட்டில் ஒன்று, இன்னொன்றில் மற்றொன்று, அவ்வளவுதான். மூன்றாவதைப் போட்டால் மூக்கு குழம்பும். தெருவில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, பூவும் சென்ட்டும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று கூட வந்தவரிடம் கேளுங்கள். தோல் எளிதில் அரிக்கும் என்றால் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள், ஹைட்ராக்சிசிட்ரோனெலால் போன்றவை சிலருக்கு ஒவ்வாது. அப்படிப்பட்டவர்கள் காட்டன் புடவையின் ஓரத்தில் தெளித்துக்கொள்ளலாம், பட்டில் வேண்டாம், கறை விழும். பெரிய பாட்டில் மலிவு என்று எடுக்காமல், உள்ளதில் சின்னதாகவே வாங்குங்கள். வெயிலும் வெக்கையும் பட்டால் முதலில் கெட்டுப்போவது மேலே இருக்கும் அந்தப் பச்சைதான். ஜன்னல் ஓரத்திலும் குளியலறையிலும் வைக்காமல் துணி அலமாரிக்குள், பெட்டியோடு வையுங்கள்.